பென் நெவிஸ் ஏற நாள் குறிப்பது யார்? விடுமுறையா, மலையா?

நிதி சேர்ப்பதற்காக நடைபயணம் ஒழுங்கு செய்வது பிரித்தானியாவில் உள்ள எமது சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் இப்போது நன்கு பழகிய விடயம். ஊரில் ஒரு பாடசாலைக்குக் கூரை போட வேண்டும், ஒரு வைத்தியசாலைக்குக் கருவி வாங்க வேண்டும் என்றால் உடனே ஒரு நடைபயணம். முன்பு பூங்காவைச் சுற்றி நடந்தவர்கள் இப்போது மலைகளைத் தேடிப் போகிறார்கள். அவற்றுள் முதலில் நினைவுக்கு வருவது ஸ்கொட்லாந்தில் உள்ள பென் நெவிஸ். பிரித்தானியாவிலேயே உயர்ந்த மலை அல்லவா?

கதிரையில் இருந்தே நாளைக் கழிக்கும் எம்மவர்கள் மலை ஏறப் புறப்படுவதை இந்தப் பகுதி வரவேற்கிறது. இருதயத்துக்கு நல்லது, சலரோகத்துக்கு நல்லது, பிள்ளைகளோடு ஒரு நாள் முழுவதும் பேசிக்கொண்டு நடப்பது மனதுக்கும் நல்லது. எமது கவலை நாள் குறிக்கும் விதத்தில்தான். ஈஸ்டர் விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பாடசாலை இல்லை. மே மாதத்தில் திங்கட்கிழமை விடுமுறை வருகிறது. வாகனமும் மலிவாகக் கிடைக்கிறது. இப்படித்தான் நாள் குறிக்கிறோம். மலையில் அந்த நாளில் என்ன கிடக்கும் என்று யாரும் பார்ப்பதில்லை.

குடும்பங்களை அழைத்துச் செல்லும் பென் நெவிஸ் நடைபயணங்களை ஜூன் நடுப்பகுதிக்கும் செப்டெம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் மட்டுமே வைக்க வேண்டும் என்பது எமது கருத்து. அதற்கான காரணங்களைக் கீழே தருகிறோம்.

"சின்ன மலைதானே!"

பென் நெவிஸின் உயரம் 1,345 மீற்றர். எமது பெரியவர்கள் இதைக் கேட்டதும் சிரிப்பார்கள். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். அதில் இரவிரவாக வெறுங்காலோடு ஏறி, சூரிய உதயம் பார்த்துவிட்டு இறங்கியவர்களுக்கு இது ஒரு மலையா?

இந்த ஒப்பீடுதான் ஆளை ஏமாற்றுவது. சிவனொளிபாதமலை பூமத்திய ரேகையிலிருந்து ஏறக்குறைய 7 பாகை தூரத்தில் இருக்கிறது. பென் நெவிஸ் இருப்பது ஏறக்குறைய 57 பாகையில், அத்திலாந்திக் கடற்காற்று நேராக வந்து மோதும் இடத்தில். உயரத்தில் சிறியதானாலும் குளிரிலும் காற்றிலும் அது வேறு சாதி மலை.

1883 முதல் 1904 வரை பென் நெவிஸ் உச்சியில் ஒரு வானிலை அவதான நிலையம் இயங்கியது. அங்கே தங்கியிருந்தவர்கள் இரவு பகலாக மணிக்கொரு தடவை அளந்து எழுதினார்கள். அந்தக் குறிப்புகளின்படி உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குச் சற்றுக் கீழே. ஆண்டுக்குச் சராசரியாக 261 தடவை கடும் காற்று. மழையும் பனியும் சேர்ந்து ஆண்டுக்கு 4,000 மில்லிமீற்றருக்கு மேல். நவம்பர் முதல் ஜனவரி வரை ஐந்தில் நான்கு பங்கு நேரம் உச்சி மூடுபனிக்குள். மே, ஜூனில்கூடப் பாதி நேரத்துக்கு மேல் அப்படித்தான்.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். சிவனொளிபாதமலைக்கும் நாங்கள் நினைத்த நாளில் போவதில்லை. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு முடிவது அதன் யாத்திரைக் காலம். அந்தக் காலத்தில் வழியெல்லாம் மின்விளக்கு எரியும், தேநீர்க் கடை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். மலைக்கு ஒரு காலம் உண்டு என்பது எமக்குப் புதிய பாடம் அல்ல. இங்கே வந்தபின் அதை மறந்துவிட்டோம்.

மலையின் பன்னிரண்டு மாதங்கள்

நவம்பர் முதல் மார்ச் வரை பென் நெவிஸ் முழுமையான பனி மலை. டிசம்பர் இறுதியில் பகல் வெளிச்சம் 7 மணி நேரத்துக்கும் குறைவு. ஏறி இறங்கும் தூரமோ சுமார் 17 கிலோமீற்றர். சாதாரணமாக நடப்பவருக்கு நல்ல காலநிலையிலேயே 7 முதல் 9 மணி நேரம் வேண்டும். கணக்கு அங்கேயே உதைக்கிறது. பனிக்கோடரியும், சப்பாத்தின் அடியில் பூட்டும் கிராம்பொன் எனப்படும் இரும்பு முட்களும் இல்லாமல், அவற்றைப் பாவிக்கப் பழகாமல் இந்த மாதங்களில் அங்கே போகக்கூடாது. 2020 பெப்ரவரியில் பனிப்புயலின் நடுவே உச்சிக்கு அருகில் சிக்கிய ஒரு குழுவினரை லொக்காபர் மலை மீட்புக் குழுவினர் கீழே கொண்டுவந்தார்கள். சிக்கியவர்களிடம் கோடரியும் இல்லை, கிராம்பொனும் இல்லை. சிலரின் காலில் இருந்தவை சாதாரண ரெயினர் சப்பாத்துகள்.

ஏப்ரல், மே மாதங்கள்தான் எமக்கு ஆபத்தானவை. குளிர்காலத்தில் யாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார்கள். ஆனால் ஏப்ரலில் லண்டனில் பூ பூத்திருக்கும். மலையடிவாரத்தில் கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கிலும் புல் பச்சையாக இருக்கும், ஆட்டுக்குட்டி மேயும். மேலே உச்சியிலோ பனி மிக ஆழமாகக் கிடப்பது பெரும்பாலும் மார்ச் முடிவிலும் ஏப்ரலிலும்தான். உச்சியின் சமதரையில் மே கடைசி வரை, சில ஆண்டுகளில் ஜூனிலும் பனி கிடக்கும். வடக்குப் பக்கப் பள்ளங்களில் கோடையின் கடைசியிலும் பனித்திட்டுகளைக் காணலாம்.

அடிவாரத்தைவிட உச்சி சுமார் 9 பாகை செல்சியஸ் குளிரானது. ஏப்ரலில் கீழே 10 பாகை என்றால் மேலே 1 பாகை. அங்கே மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் உடம்பு உணர்வது மறை 7 பாகையை. காலையில் ஸ்வெற்றர் போதும் என்று புறப்பட்டவருக்கு மத்தியானம் நடப்பது இது.

ஜூன் நடுப்பகுதி முதல் செப்டெம்பர் நடுப்பகுதி வரை பாதை பெரும்பாலும் பனி இல்லாமல் இருக்கும். ஜூனில் ஏறக்குறைய 18 மணி நேர வெளிச்சம். அப்போதும் மழை, மூடுபனி, காற்று உண்டு. ஆனால் பிழைவிட்டால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். ஒக்டோபரில் முதற்பனி விழத் தொடங்கும், பகலும் வேகமாகக் குறையும்.

பனியில் பாதை எங்கே?

அவதான நிலையத்துக்குப் பொருட்களைக் குதிரையில் ஏற்றிச் செல்ல 1883 இல் வெட்டிய பாதைதான் இன்று பெரும்பாலானோர் நடக்கும் பாதை. கோடையில் அதைத் தவறவிடுவது கடினம். பனி மூடினால் பாதையே இல்லை. உச்சிச் சமதரையில் வெள்ளைத் தரையும் வெள்ளை மூடுபனியும் ஒன்றாகி, முன்னால் நிற்பவர்கூடத் தெரியாமல் போகும்.

வடக்கே பல நூறு மீற்றர் ஆழமான பாறைச் செங்குத்து. அதன் விளிம்புக்கு வெளியே கூரைத் தாழ்வாரம்போலப் பனி நீட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தரைபோலத் தெரியும். கால் வைத்தால் கீழே காற்றுத்தான். அதற்குப் பயந்து மறுபக்கம் அதிகம் விலகினால் ஐவிரல் பள்ளம் என்று பெயர் பெற்ற செங்குத்தான பிளவுக்குள் இறக்கிவிடும். உயிர்கள் போன இடம் அது. இரண்டுக்கும் நடுவே வரும் வழிக்குத் திசைகாட்டிக் கணக்கே உண்டு: உச்சிக் கல்லிலிருந்து 231 பாகையில் 150 மீற்றர், பிறகு 282 பாகை. புயலில் நின்று இதைச் சரியாக நடக்கத் தெரிந்தவர் எமது குழுக்களில் எத்தனை பேர்? கைத்தொலைபேசியை நம்பலாம் என்பீர்கள். கடும் குளிரில் அதன் பற்றரி சட்டென்று இறங்கும். ஈரக் கையுறையோடு திரையைத் தொடவும் முடியாது.

உடம்புக்கு என்ன நடக்கிறது?

உடலின் உள் வெப்பநிலை 35 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதேர்மியா. முதலில் நடுக்கம். பிறகு பேச்சுக் குழறும், கால் தடுமாறும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், 'நான் இதிலேயே இருக்கிறேன், நீங்கள் போங்கோ' என்பார். நடுக்கம் நின்றுவிட்டால் தேறிவிட்டார் என்று நினைக்கக்கூடாது; நிலைமை மோசமாகிவிட்டது என்று அர்த்தம். காற்றுப் படாத இடத்தில் இருத்தி, ஈர உடுப்பை மாற்றி, தலையையும் உடம்பையும் மூடி, நினைவு தெளிவாக இருந்தால் சூடான இனிப்புப் பானம் கொடுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம். பிரண்டி கொடுத்தால் சூடேறும் என்பது பிழையான நம்பிக்கை. மது உடல் வெப்பத்தை வெளியேற்றும்.

சங்கத்தின் பெயர் அச்சடித்த பருத்தி ரீ-சேட்டும் ஜீன்ஸும் படத்துக்கு அழகு. மலையில் அவை வியர்வையையும் மழையையும் உறிஞ்சி உடம்போடு ஒட்டிக்கொண்டு சூட்டைக் குடிக்கும். உள்ளே கம்பளி அல்லது செயற்கை நூல் உடுப்பு, வெளியே நீர் புகாத ஜக்கெற்றும் காற்சட்டையும், மேலதிகமாக ஒரு சோடி கையுறையும் காலுறையும் வேண்டும்.

எமது சமூகத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தென்னாசிய மக்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட இளம் வயதிலும், அதிகம் பருக்காத உடம்பிலும் வருகிறது. எந்த நடைபயணக் குழுவிலும் இன்சுலின் போடுபவரோ, கிளிக்லசைட் போன்ற மாத்திரை எடுப்பவரோ இருக்கக்கூடும். பல மணி நேரம் ஏறும்போது அவர்களின் குருதியில் சீனி இறங்கும். நடந்து முடித்து பல மணி நேரத்துக்குப் பின்னும் இறங்கலாம். சீனி இறங்கினாலும் நடுக்கம், தடுமாற்றம், குழப்பம். குளிர் ஏறினாலும் அதே அறிகுறிகள். மலையில் எது எது என்று பிரித்தறிவது கடினம். குருதிச் சீனி அளக்கும் கருவியும் கடும் குளிரில் வேலை செய்யாமல் போகலாம். உறைந்த இன்சுலினைப் பிறகு பாவிக்கவே கூடாது.

ஆகவே இன்சுலினையும் கருவியையும் வெளிப்பையில் வைக்காமல் உடம்போடு ஒட்டிய உட்பையில் வையுங்கள். சட்டென்று சீனி ஏற்றக் குளுக்கோஸ் மாத்திரை அல்லது பழச்சாறு வேண்டும். சொக்லேற் மெதுவாகவே ஏறும். வழியில் சாப்பிடப் பேரீச்சம்பழம், எள்ளுப்பாகு, கச்சான் அல்வா நல்லவை. விறைத்த விரலால் சோற்றுப் பொதியை அவிழ்க்க முடியாது! விரத நாளில் மலை ஏற வேண்டாம். நெஞ்சுவலி, உயர் குருதியமுக்கம், ஆஸ்துமா உள்ளவர்களும், காலில் உணர்வு குறைந்தவர்களும் புறப்பட முன் குடும்ப வைத்தியரிடம் பேசுங்கள்.

சங்கங்களிடம் நாம் கேட்பது

முதலாவது, நாளை மாற்றுங்கள். ஓகஸ்ட்டில் எல்லோரும் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ஆள் சேராது என்ற வாதம் நியாயமானதுதான். ஜூன் கடைசியில் ஒரு சனிக்கிழமையோ செப்டெம்பர் முதல் வாரமோ வையுங்கள். ஈஸ்டரில்தான் நடக்க வேண்டும் என்றால் உயரம் குறைந்த நடைபாதைகள் நாடெங்கும் இருக்கின்றன.

இரண்டாவது, திரும்புவதைக் கௌரவமாக்குங்கள். பனியைவிட ஆபத்தானது 'இவ்வளவு காசு சேர்த்தாச்சு, உச்சிக்குப் போகாமல் எப்படித் திரும்புவது' என்ற எண்ணம். சுமார் 570 மீற்றர் உயரத்தில் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. பாதி வழி ஏரி என்றே அதைச் சொல்வார்கள். அதுவரை நடந்தாலும் நடைபயணம் பூர்த்தி என்று நன்கொடைப் படிவத்திலேயே எழுதிவிடுங்கள். ஊரில் கூரை போடக் காசு கொடுப்பவர் உச்சியில் எடுத்த படத்துக்காகக் கொடுப்பதில்லை.

மூன்றாவது, திரும்பும் முடிவை ஒருவரிடம் கொடுங்கள். தலைவரோ செயலாளரோ அல்ல, மலை தெரிந்தவர். இல்லாவிட்டால் தகுதிபெற்ற வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். அவர் திரும்புவோம் என்றால் அம்மம்மாவும் திரும்ப வேண்டும், இருபது வயதுப் பெடியனும் திரும்ப வேண்டும். குழுவைப் பிரிக்கக் கூடாது.

நான்காவது, முதல் நாள் மாலை மலைகளுக்கான வானிலை அறிக்கையைப் பாருங்கள். போர்ட் வில்லியம் நகரத்தின் அறிக்கை உச்சிக்குப் பொருந்தாது. டிசம்பர் நடுப்பகுதி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை ஸ்கொட்லாந்துப் பனிச்சரிவு அறிவிப்புச் சேவை லொக்காபர் பகுதிக்கும் அறிக்கை தருகிறது. ஆபத்து என்றால் 999 ஐ அழைத்து முதலில் பொலிஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேளுங்கள். சிக்னல் குறைவாக இருந்தால் குறுஞ்செய்தி அனுப்பலாம். அதற்கு வீட்டிலிருந்தே 'ரெஜிஸ்ரர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999 க்கு அனுப்பி முன்கூட்டியே பதிந்திருக்க வேண்டும்.

மீட்புக் குழுவினர் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். தமது வேலையையும் குடும்பத்தையும் விட்டுவிட்டு வரும் தொண்டர்கள். எங்கள் சங்கங்களும் தொண்டர்களால்தான் நடக்கின்றன. அவர்களின் இரவு நேரத்தின் பெறுமதி எங்களுக்குத் தெரியாததல்ல.

ஆழம் அறியாமல் காலை விடாதே என்பது எங்கள் முதுமொழி. பென் நெவிஸில் ஆழம் என்பது பனியின் ஆழம். அடுத்த ஆண்டு நடைபயணத்துக்கான கூட்டம் கூடும்போது, மண்டபத்தில் தொங்கும் கலண்டரைத் திறக்க முன் இந்தப் பக்கத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எல்லோரும் சுகமாகப் போய், சுகமாக வீடு வந்து சேர வேண்டும்.