பொழிச்சலூர் மழை எங்கே போயிற்று?

"சர்வர் மெதுவாக இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்" என்ற பதிலை ஏதாவதொரு கவுண்டரில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்டவுடன் நாம் பொறியின்மேல் இரக்கம் கொள்கிறோம். பல சமயங்களில் அந்த இரக்கம் தேவையற்றது. பொறியிடம் கேள்வி கேட்டவர் சரியாகக் கேட்டாரா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து. இந்தக் கருத்துக்கு வர நான் இரண்டு முறை அசடு வழிந்தேன்.

நான் இயற்பியல் விரிவுரையாளன், இருப்பது இரும்புலியூரில். 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. எங்களுக்கு அருகிலுள்ள முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் மிதந்தன. அடுத்த ஆண்டு, சுற்றுவட்டாரத்தில் 30 மொட்டைமாடிகளில் மழைமானி வைத்து, பள்ளி மாணவர்களின் உதவியோடு நாள்தோறும் அளக்கத் தொடங்கினோம். 2016 முதல் 2023 வரை 8 ஆண்டுகள். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 87,600 அளவுகள்.

நோட்டுப் புத்தகங்களிலும் கோப்புகளிலும் கிடந்த இவற்றை ஓர் உறவுநிலைத் தரவுத்தளத்தில் ஏற்ற முனைந்தோம். எஸ்.க்யூ.லைட் என்ற இலவச மென்பொருள். உங்கள் வீட்டு ஆண்ட்ராய்டு போனிலும் அது இருக்கிறது. ஊர்களுக்கு ஓர் அட்டவணை, மழை அளவுகளுக்கு ஓர் அட்டவணை.

ஏற்றும் வேலை அரைமணி நேரத்துக்கு நெருக்கமாக இழுத்தது. "பழைய கணிப்பொறி சார், புதிது வாங்கிவிடலாம்" என்றார் ஒரு மாணவர். வாங்கும் முன் கணக்குப் பார்ப்போம் என்றேன். அதன் வட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழல்வது. அதாவது வினாடிக்கு 120 சுற்று. நாங்கள் ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக "எழுது, உறுதி செய்" என்று கட்டளையிட்டிருந்தோம். ஒருமுறை உறுதி செய்ய வட்டு சுமார் இரண்டு சுற்றுச் சுற்றி வரவேண்டும். ஆகவே வினாடிக்கு 60 வரிக்கு மேல் போக வழியில்லை. 87,600-ஐ 60-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,460 வினாடி, 24 நிமிடத்துக்குச் சற்று மேல்! பொறி சோம்பலாக இல்லை. வட்டின் சுழற்சி எவ்வளவு அனுமதிக்குமோ அவ்வளவு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வரிகளையும் எழுதிவிட்டு முடிவில் ஒரே ஒருமுறை உறுதி செய்யச் சொன்னோம். சில வினாடிகளில் முடிந்தது.

இந்த வகைத் தரவுத்தளத்தின் கருத்தை 1970-இல் வெளியிட்டவர் எட்கர் காட். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஆங்கிலேயர். எது வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், எந்த வழியில் போய்த் தேடுவது என்பதைப் பொறியே முடிவு செய்யட்டும் என்பது அவர் யோசனை. அருமையான யோசனைதான். ஆனால் வழியைப் பற்றிக் கவலைப்படாத நாம், வழி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

எங்கள் அடுத்த கேள்வியைப் பாருங்கள். ஒவ்வொரு நாள் மழையோடும் அதே ஊரின் முந்தைய நாள் மழையைக் கூட்டிக் காட்டு என்றோம். வெள்ளத்துக்கு இரண்டு நாள் மழைதானே முக்கியம்? பொறி நெடுநேரம் மௌனமாயிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் முந்தைய நாளைத் தேட, 87,600 வரிகளையும் முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தது. 87,600 தடவை 87,600. ஏறத்தாழ 767 கோடி ஒப்பீடுகள். ஊரும் நாளும் சேர்ந்த ஒரு வரிசைக் குறிப்பை, அதாவது இண்டெக்ஸை, அமைத்துக் கொடுத்தோம். அகராதியில் சொல் தேடுவதுபோலப் பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் 17 படிகளில் வரி அகப்பட்டுவிடும். மொத்தம் 15 லட்சம் படிகள்தான். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. இண்டெக்ஸ் செய்வதும் அதையே. இதற்கும் விலை உண்டு: புதிய வரி சேரும்போதெல்லாம் குறிப்பையும் திருத்தவேண்டும். ஆகவே கண்ட இடத்திலெல்லாம் இண்டெக்ஸ் போடுவதும் தவறு.

பொறி எந்த வழியில் தேடப்போகிறது என்பதை அதனிடமே கேட்டுவிடலாம். கேள்விக்கு முன்னால் 'எக்ஸ்ப்ளெயின் கொரி ப்ளான்' என்று சேர்த்தால் போதும். விடையில் 'ஸ்கேன்' என்று வந்தால் எல்லாவற்றையும் புரட்டுகிறது. 'சர்ச்' என்று வந்தால் குறிப்பைப் பார்த்துப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் எஸ்.க்யூ.எல். கேள்விகளை எழுதக் கற்றுத் தருகிறோம். இந்த ஒரு வரியையும் முதல் நாளே ஏன் சொல்லித் தரக்கூடாது? வோல்ட்மீட்டரைத் தொடாமல் மின்சுற்றுப் பாடம் நடத்துவது போலல்லவா இருக்கிறது!

மெதுவாக ஓடும் கேள்வியாவது நம்மை உறுத்தும். வேகமாக வந்து நிற்கும் தவறான விடை உறுத்துவதில்லை. ஊர்வாரியாக மொத்த மழையைக் கேட்டோம். ஒரு நொடியில் பட்டியல் வந்தது. பொழிச்சலூரில் மட்டும் மழை மிகக் குறைவு. நான் உடனே காற்றின் திசை, மலையின் மறைப்பு என்றெல்லாம் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டேன். (இயற்பியல்காரர்களுக்கு விளக்கத்துக்குப் பஞ்சமில்லை.) அந்த ஊர் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், 2020-லும் 2021-லும் நான்தான் எங்கள் மாடியில் அளந்தேன். அந்த மழை எங்கே?" என்றாள்.

தேடினோம். 2019-க்குப் பிறகு அந்த ஊர் அளவுகள் பழைய எழுத்துருவில் தட்டப்பட்டு, பின்னர் யூனிகோடுக்கு மாற்றப்பட்டவை. 'பொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் எஸ்.க்யூ.லைட் சாதாரணமாக எண்களைத்தான் ஒப்பிடுகிறது, உருவத்தையல்ல. அதனிடம் பெயரின் நீளத்தைக் கேட்டோம். ஒரு பொழிச்சலூருக்கு 11 என்றது, மற்றதற்கு 12 என்றது! இரு அட்டவணைகளையும் பெயரை வைத்து இணைத்திருந்தோம். ஜோடி சேராத வரிகளை அது சத்தமில்லாமல் விட்டுவிட்டது. பிழைச் செய்தி ஏதும் இல்லை.

பெயரால் இணைத்தது எங்கள் தவறு. பிறகு எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்தோம். ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணால் இணைத்தோம். ஜோடி இல்லாத வரிகளை மட்டும் காட்டு என்று இப்போதெல்லாம் முதலில் கேட்டுவிடுகிறோம். பட்டியல் காலியாக வந்தால்தான் மேலே போகிறோம். அப்படித் திரும்பக் கேட்டபோது பொழிச்சலூரின் மொத்தம் அனகாபுத்தூரின் மொத்தத்துக்கு அருகே வந்து நின்றது. என் மலை மறைப்புக் கொள்கையைக் கரும்பலகையிலிருந்து அந்த மாணவியே அழித்தாள்.