கிரியாட்டினின் ஏறினா ஹார்ட்டையும் பாருங்க

"கிரியாட்டினின் ஏறிடுச்சுங்க, தண்ணி நெறையா குடிக்கச் சொன்னாங்க." காங்கேயம் பக்கம் இந்தப் பேச்சைக் கேக்காத வாரமே இல்லை. சொன்னது யாருன்னு பார்த்தா பக்கத்து வீட்டுக்காரர், இல்லைன்னா வாட்ஸ்அப்.

உலர்களத்துல வெயில்ல தேங்காய்ப் பருப்பு காயப்போடறவங்களுக்கு, இதயம் நல்லா இருந்தா, இது சரிதான். கால் வீங்கி, படுத்தா மூச்சு வாங்கறவங்களுக்கு இது ஆபத்தான யோசனை.

ஏன்?

இதயம் நிமிஷத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் பண்ணுது. அதுல ஏறத்தாழ 1 லிட்டர் சிறுநீரகங்களுக்குப் போகுது. பம்ப் பலவீனமானா போற ரத்தம் குறையும். இது எல்லாருக்கும் புரியும். திரும்பி வர்ற ரத்தம் தேங்கறதுதான் அதிகம் பேசப்படாத விஷயம். வடிகால் அடைச்சா தோட்டத்துல தண்ணி நிக்குமல்லங்க, அப்படி. சிறுநீரகத்துக்குள்ள அழுத்தம் ஏறி, வடிகட்டும் வேலை மட்டுப்படும். ரத்தம் பத்தலைன்னு நினைச்சு சிறுநீரகம் உப்பையும் நீரையும் இன்னும் பிடிச்சு வைக்கும். வருஷக்கணக்கில் இது நீடிச்சா உள்ளே தழும்பு விழுந்துடும். கிட்னி கெட்டா பிரஷர், ரத்தசோகை வழியா இதயமும் கெடும்.

அதனால வீக்கத்துக்குக் கொடுக்கற நீர் மாத்திரையை "கிட்னிக்கு ஆகாது"ன்னு நீங்களா நிறுத்தாதீங்க. தேங்கின நீர் வடிஞ்சதும் கிரியாட்டினின் இறங்கறதும் உண்டு. எனாலாப்ரில், டெல்மிசார்டான் மாதிரி மாத்திரை ஆரம்பிச்சதும் கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறலாம். பொட்டாசியம் சரியா இருந்தா பெரும்பாலும் தொடர்வோம். எங்க டாக்டர்கள்லயே சிலர் அந்த ஏற்றத்தைப் பார்த்ததும் நிறுத்திடறாங்க. எனக்கு இதுல உடன்பாடில்லை.

அடுத்தது டபாகிளிஃப்ளோசின். சர்க்கரை மாத்திரையா வந்தது. சர்க்கரை இல்லாதவங்களுக்கும் இதயச் செயலிழப்பில் பலன் தரும்னு 2019-லயும், நாள்பட்ட சிறுநீரக நோயில் பலன் தரும்னு 2020-லயும் பெரிய ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் காப்புரிமை முடிஞ்சு விலையும் இறங்கிடுச்சு. ஆனா "எனக்குத்தான் சுகர் இல்லையே"ன்னு எடுத்து வெச்சுடறாங்க. தயவுசெஞ்சு எதுக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கிரியாட்டினின் கூட இருந்து, வீக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தா எக்கோ எடுக்கணுமான்னு கேளுங்க. இதய நோயாளிகள் கிரியாட்டினினோட சிறுநீர் ஆல்புமினும் பார்க்கணும். இந்த ஆல்புமின் டெஸ்டைத்தான் பெரும்பாலும் விட்டுடறாங்க.

முட்டிவலிக்கு மெடிக்கல்ல வாங்கற டைக்ளோஃபினாக் இந்த ரெண்டு உறுப்புக்குமே கெடுதல். அதுக்குத் தனியா ஒரு திரெட் போடறேன்.