ஆசிரியர் உரை: உடன் வந்தவர் யார்?

கேஸ் ஷீட்டில் ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் மகன், மருமகள், மனைவி என்று எழுதியே பழகிவிட்டோம். வந்தவர் நண்பர் என்றால், ‘தெரிந்தவர்’ என்று குறித்துவிட்டு, “வீட்டிலிருந்து யாரையாவது வரச் சொல்லுங்கள்” என்கிறோம். பிள்ளைகள் பெங்களூரிலோ துபாயிலோ இருக்கும் வீடுகளில் அந்த ‘யாராவது’ வருவதே இல்லை. தினமும் வருபவர் நண்பர்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. இயன்முறை மருத்துவர்களாகிய நாம் பார்ப்பவர்களில் பெரும்பங்கு இனி இவர்கள்தான். அவர்களுடைய நண்பர்களும் அதே வயதுக்காரர்கள் என்பதை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை.

நட்பின் பலன் வெறும் ஆறுதல் மட்டுமல்ல. ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டடும் அவர் குழுவினரும் 2010-ல் 148 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்கள் அவை. சுற்றமும் நட்பும் வலுவாக உள்ளவர்கள் ஆய்வுக் காலம் முடியும்போது உயிரோடிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது.

இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடித்து வீடு திரும்பியவரை எடுத்துக்கொள்வோம். “எழுந்திருக்காதீங்கப்பா, மறுபடி விழுந்துடப் போறீங்க” என்கிறாள் மகள். பாசம்தான்; ஆனால் தொடைத் தசை கரைவது அந்தப் பாசத்தில்தான். நண்பர் வந்து, “எழுந்திருப்பா, முக்குக் கடையில ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்” என்கிறார். வாக்கருடன் அவர் நடக்கும் அந்த ஐம்பது அடி, நாம் தாளில் எழுதிக் கொடுத்த பயிற்சியைவிட ஒழுங்காக நடக்கிறது. போய்ச் சேர ஓர் இடமும் அங்கே பேச ஆளும் இருப்பதே காரணம்.

பெண்களுக்கு இந்த வாய்ப்பு குறைவு. ஊரில் பக்கத்து வீட்டுத் திண்ணையே அவர்கள் சந்திக்கும் இடம். விழுந்த பிறகு மகன் தன் அடுக்குமாடி வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனால், எலும்பு கூடிவிடும். நாற்பது வருடத் தோழி அறுந்துபோவாள். “இங்கே யாரிடம் போய் வருவீர்கள்?” என்று மதிப்பீட்டின்போதே கேட்கலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காலை நடைக் குழுவில் ஒருவர் விழுந்தால் மற்றவர்களும் பயந்து நடையைச் சுருக்குகிறார்கள். நோயாளியைத் தாங்கி வரும் நண்பருக்கே முழங்கால் தேய்ந்திருக்கும். படுக்கையில் கிடப்பவரிடம் தம் நாளையைப் பார்த்து, வருவதையே நிறுத்திக்கொள்பவர்களும் உண்டு. அதை நன்றிகெட்டதனம் என்று நாம் எண்ண வேண்டாம், அது பயம். பயத்துக்கு நம்மிடம் வேலை இருக்கிறது.

செய்யக்கூடியவை மூன்று. நோயாளியின் சம்மதத்தோடு நண்பரைப் பயிற்சி அறைக்குள் அழைப்போம். பக்கவாதம் வந்தவரின் பலவீனமான பக்கத்தில் நிற்கவும், செயலிழந்த கையைப் பிடித்து இழுக்காமல் இருக்கவும் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம், தோள்மூட்டு தப்பும். அடுத்து, நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரும் சோதனையை அந்த நண்பருக்கும் வைப்போம். பன்னிரண்டு விநாடி தாண்டினால் அடுத்து விழக்கூடியவர் அவர். மூன்றாவதாக, சிகிச்சை இலக்கை ‘ஐம்பது அடி’ என்று எழுதாமல் ‘டீக்கடை வரை’ என்று எழுதுவோம். 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடிச் செல்லும் நம் தோழர்களுக்கு, அந்தக் கடை எத்தனை படி, எத்தனை மேடு பள்ளம் தாண்டி இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

ஓர் எச்சரிக்கை. நண்பர் சம்பளமில்லாத உதவியாளர் அல்லர். தூக்குவது, குளிப்பாட்டுவது போன்ற வேலைகளை அவர் தலையில் கட்டினால் நட்பும் கெடும், முதுகும் கெடும்.

சட்டம் இந்த விஷயத்தில் நம்மை முந்திவிட்டது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, ஒருவர் தன் பிரதிநிதியாக உறவினரல்லாதவரையும் நியமிக்கலாம். நம் கேஸ் ஷீட் அந்த அளவுக்காவது வர வேண்டாமா? அடுத்த இதழிலிருந்து இங்கே வெளியாகும் முதியோர் சிகிச்சைக் குறிப்புகளில், வீட்டில் பயிற்சிக்குத் துணைநின்றவர் யார், நோயாளிக்கு அவர் என்ன உறவு அல்லது நட்பு என்பதை எழுதியவர் குறிப்பிட வேண்டும். அந்த விவரம் இல்லாத குறிப்பைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புவோம்.