விசாரணைக்குக் கூப்பிட்டால் போக வேண்டுமா?

"அண்ணாச்சி, ஸ்டேஷன்ல இருந்து போன் வந்துச்சு. சின்ன விசாரணைதான், வந்துட்டுப் போயிருங்கன்னு சொல்லுதாவ. போவணுமா?"

ஆத்தூர், முக்காணி, புன்னைக்காயல் பக்கம் யாராவது ஒரு வக்கீலைத் தெரிந்து வைத்திருந்தால், அவரிடம் முதலில் போய் நிற்கும் கேள்வி இதுதான். பின்னணியில் கொடிக்கால் குத்தகைத் தகராறு இருக்கலாம், பைக் உரசியது இருக்கலாம், வட்டிப் பணம் இருக்கலாம். கேட்பவர் மனதில் இருப்பது ஒரே பயம்: போனால் திரும்பி வருவோமா? போகாவிட்டால் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா?

போன் அழைப்புக்குச் சட்டத்தில் கட்டாயம் கிடையாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருப்பது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. ஒரு வழக்கில் விவரம் தெரிந்தவர் என்று ஒருவரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டுமானால் எழுத்தில் உத்தரவு தர வேண்டும் என்கிறது அதன் 179-ஆம் பிரிவு. பெண்கள், 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்குக் கீழே உள்ள பையன்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயில் இருப்பவர்கள் ஆகியோரை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லவே கூடாது. போலீசார்தான் அவர்கள் வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும். சாட்சியாக இல்லாமல் சந்தேகத்தின் பேரில் கூப்பிடுவதாக இருந்தால் 35-ஆம் பிரிவின் கீழ் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அதையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸை மதித்து ஒருவர் ஆஜராகிக்கொண்டிருக்கும் வரை அவரைக் கைது செய்யக் கூடாது. செய்தே ஆக வேண்டும் என்றால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதி வைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தாலும் நம்மில் பெரும்பாலோர் போகத்தான் செய்கிறோம். உள்ளூரில் பிழைப்பு நடத்துகிறவருக்கு ஏட்டையாவைப் பகைத்துக்கொள்வது சுலபமில்லை. போவதில் தவறும் இல்லை. ஆனால் தனியாகப் போகாதீர்கள். எத்தனை மணிக்கு உள்ளே போகிறீர்கள் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். முடிந்தால் ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். அந்த நேரக்குறிப்பு பின்னால் எவ்வளவு பெரிய ஆவணம் ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஸ்டேஷனுக்குள் போன மனிதர் சட்டத்தின் கண்ணில் இரண்டில் ஒரு நிலையில்தான் இருக்க முடியும். ஒன்று, எந்த நிமிடமும் எழுந்து வீட்டுக்குப் போகக்கூடிய சுதந்திர மனிதர். அல்லது, கைது செய்யப்பட்டவர். மூன்றாவதாக 'விசாரணையில் இருக்கிறார்' என்றொரு நிலையைச் சட்டம் அறியாது. எழுந்து போக விடவில்லை என்றால், சட்டைப்பையில் இருந்த போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றால், ராத்திரி பெஞ்சில் உட்கார வைத்தார்கள் என்றால், அப்போதே அவர் காவலில் இருக்கிறார். ரைட்டர் எந்த நேரத்தில் நோட்டில் எழுதினார் என்பதைப் பொறுத்ததல்ல அது. போன நேரத்தைக் குறித்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

இல்லாத அந்த மூன்றாவது நிலையில்தான் மனிதர்கள் சாகிறார்கள். 2025 ஜூன் மாதக் கடைசியில் சிவகங்கை மாவட்டம் மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலின் காவலாளி அஜித்குமாரை ஒரு நகைத் திருட்டுப் புகாருக்காகப் போலீசார் கூட்டிப்போனார்கள். மறுநாள் அவர் உயிரோடு இல்லை. உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்தன. எப்.ஐ.ஆர். பதியாமல் எப்படி விசாரித்தீர்கள் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கேட்டது, வழக்கு சி.பி.ஐ. கைக்குப் போனது. கைது என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட, குடும்பத்துக்குத் தகவல், டாக்டர் பரிசோதனை, மாஜிஸ்திரேட் என்று அடுத்தடுத்த கடமைகள் தொடங்கியிருக்கும். 'சும்மா விசாரணை' என்ற சொல் அத்தனையையும் தள்ளிப்போட்டுவிடுகிறது.

கைது என்று ஆகிவிட்டால் என்ன நடக்க வேண்டும்? அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், தான் விரும்பும் வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குண்டர் சட்டம் போன்ற தடுப்புக்காவல் சட்டங்களில் பிடிபடுவோருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்களுக்கு வேறு வழிமுறை இருக்கிறது. இந்தப் பிரிவு முதல் வரைவில் இருந்ததே இல்லை. சட்டம் சொல்லும் வழிமுறைப்படி யாருடைய சுதந்திரத்தையும் பறிக்கலாம் என்ற அளவில் இன்றைய 21-ஆம் பிரிவை அரசியல் நிர்ணய சபை முடித்துவிட்டிருந்தது. அது போதாது என்று வெளியே பலத்த குறை எழுந்தது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் 1949 செப்டம்பரில் அம்பேத்கர் '15ஏ' என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22.

24 மணி நேரக் கணக்கில் பயண நேரம் சேராது. ஆத்தூரிலிருந்து திருச்செந்தூர் கோர்ட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதைச் சாக்காகச் சொல்ல இங்கே இடமே இல்லை. 'நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, கோர்ட் லீவு' என்பதும் செல்லாது. லீவு நாளில் மாஜிஸ்திரேட்டின் வீட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒன்று, ஆத்தூரிலிருந்து அதிக தூரமில்லாத சாத்தான்குளத்தில் என்ன ஆனது?

2020 ஜூன் 19, வெள்ளிக்கிழமை. ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லி வியாபாரி ஜெயராஜைப் போலீசார் பிடித்தார்கள். விவரம் கேட்க ஸ்டேஷனுக்குப் போன அவருடைய மகன் பென்னிக்ஸும் உள்ளேயே வைக்கப்பட்டார். மறுநாள் அரசு மருத்துவமனையில் 'உடல் தகுதி' சான்று வாங்கப்பட்டது. ரத்தத்தில் நனைந்த லுங்கிகளைத் திரும்பத் திரும்ப மாற்ற வேண்டியிருந்தது என்று குடும்பத்தார் பின்னர் சொன்னார்கள். பிறகு மாஜிஸ்திரேட் ரிமாண்ட் உத்தரவு போட்டார். இருவரும் கோவில்பட்டி கிளைச் சிறைக்குப் போனார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். சில மணி நேரத்தில், 23-ஆம் தேதி, அப்பாவும் இறந்தார்.

கைது பதிவானது. டாக்டர் பார்த்தார். 24 மணி நேரத்துக்குள் ரிமாண்ட் ஆனது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் மாஜிஸ்திரேட் அவர்களை அருகில் வரவழைத்துப் பார்க்கவில்லை, மாடியிலிருந்தபடியே அனுப்பிவிட்டார் என்று உடன் போனவர்கள் சொன்னார்கள். கொரோனா காலம் என்பது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. என் மனம் அதை ஏற்கவில்லை. பத்தடி தள்ளி நின்றுகூட ஒரு மனிதனிடம் 'உன்னை அடித்தார்களா?' என்று கேட்டுவிட முடியும். அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகத்தான் 22-ஆம் பிரிவே எழுதப்பட்டது. போலீசாரை எல்லோரும் திட்டுகிறோம்; நியாயம்தான். ஆனால் ரிமாண்ட் என்பதை ஒரு ரப்பர் ஸ்டாம்பாக ஆக்கிவிட்ட கோர்ட்டுகளைப் பற்றியும் இதே குரலில் பேச வேண்டும்.

முதல் தடவை போலீஸ் காவலுக்கு அனுப்பும்போது கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நேரில்தான் நிறுத்த வேண்டும், வீடியோ போதாது என்று சட்டம் சொல்கிறது. அங்கே நிற்கும்போது கைதானவருக்குப் பேசும் உரிமை உண்டு. அடித்திருந்தால் எங்கே, எதனால் என்று சொல்லலாம். அதை எழுதிக்கொள்ளுங்கள், மறுபடி டாக்டரிடம் அனுப்புங்கள் என்று கேட்கலாம். குடும்பத்துக்குத் தகவல் போகவில்லை என்றால் அதையும் சொல்லலாம். அடித்தவரே பக்கத்தில் நிற்கும்போது எப்படி வாய் வரும் என்பீர்கள். உண்மைதான். போலீசாரை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கும் மாஜிஸ்திரேட்டுகளும் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். மற்றவர்களும் அதைச் செய்ய எந்தச் சட்டமும் தடையில்லை.

கைதின்போது போலீசார் தர வேண்டிய காகிதங்களில் இரண்டைக் கேட்டு வாங்குங்கள். ஒன்று கைதுக் குறிப்பு. அதில் குடும்பத்தாரோ அந்த வட்டாரத்தில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். மேற்கு வங்கத்தைச் சேர்ந்த டி.கே. பாசு 1986-இல் உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தில் தொடங்கிய வழக்கில், 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு கொடுத்தது இது; பிறகு சட்டத்திலும் ஏறியது. இன்னொன்று கைதுக்கான காரணம். அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உடனே தர முடியாத சூழல் என்றால் வாயால் சொல்லிவிட்டு, மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் தந்துவிட வேண்டும். தராவிட்டால் கைதே செல்லாது.

வேறொரு கையெழுத்தைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருக்கிறது. 'எழுதி வாங்கிட்டு விட்டுட்டாவ' என்று நம் ஊரில் நிம்மதியோடு சொல்வார்கள். என்ன எழுதினார்கள் என்று கேட்டால் தெரியாது. புலன்விசாரணையில் போலீசாரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கவே கூடாது என்பது சட்டம். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் போலீசாரிடம் சொன்னது கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பதும் அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கிறது. வெள்ளைத்தாளில் கையெழுத்துக் கேட்டால் மறுக்கலாம். குறைந்தபட்சம், எழுதியிருப்பதற்கு அடியில் இடம் விடாமல் போடுங்கள்.

புகார் கொடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால் வழக்குப் பதிந்துவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அது புகார் வந்தது என்பதற்கான ரசீது மட்டுமே. பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. இப்போதைய சட்டம், மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் தருகிறது. 'அது எங்க லிமிட்ல வராது' என்று திருப்பி அனுப்பவும் கூடாது. எந்த ஸ்டேஷனிலும் பதியலாம். அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம்.

இதெல்லாம் காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு ஸ்டேஷனில் சட்டம் பேசினால் இன்னும் ரெண்டு அடி விழும் என்று ஒருவர் சொன்னால் அவரை நான் மறுக்க மாட்டேன். அடி விழும் அந்த நேரத்தில் பிரிவு எண்ணைச் சொல்லித் தப்பிக்க முடியாது. ஆனால் சாத்தான்குளத்தில் உண்மை எப்படி வெளியே வந்தது என்பதைப் பாருங்கள். மதுரைக் கிளையின் நீதிபதிகள் பி.என். பிரகாஷும் பி. புகழேந்தியும் தாமாக வழக்கை எடுத்தார்கள். கோவில்பட்டி மாஜிஸ்திரேட் பாரதிதாசன் ஸ்டேஷனுக்கே போய் விசாரித்தார். அங்கே தன்னை மிரட்டும் விதமாக நடந்துகொண்டார்கள் என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். போலீஸ் ஸ்டேஷனையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் எடுக்கும்படி உத்தரவு வந்தது. கேமரா பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தன. அப்படியும், அன்றிரவு பணியில் இருந்த தலைமைக் காவலர் ரேவதி, விடிய விடிய அடித்தார்கள், லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருந்தது என்று அந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். சக ஊழியர்கள் வெளியே நின்றுகொண்டிருக்க, அவர் சொன்னார். சி.பி.ஐ. ஒன்பது போலீசார் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லா ஸ்டேஷன்களிலும் கேமரா வேண்டும், பதிவுகளை 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில் உத்தரவிட்டது.

ஒரு மாஜிஸ்திரேட் பார்க்காமல் விட்டதை இன்னொரு மாஜிஸ்திரேட் போய்ப் பார்த்தார். இருவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

கை உடைந்து மாவுக்கட்டுப் போட்ட படம் பேப்பரில் வரும்போதெல்லாம், 'பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்' என்று கீழே எழுதியிருப்பதைப் படித்துச் சந்தோஷப்படுகிறவர்கள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். திருடனுக்கும் ரவுடிக்கும் அது வேண்டியதுதான் என்கிறார்கள். ஜெயராஜ் கடைக்காரர். அஜித்குமார் கோயில் காவலாளி. யாரை அடிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரத்தை நாம் கொடுத்துவிட்டால், தேர்வு நம் கையில் இருக்காது.

கைதில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்றாலும், அரசுச் செலவில் வக்கீல் உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் கைதாகாமலே உண்டு. திருச்செந்தூர் கோர்ட் வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அந்த வக்கீல் ரிமாண்ட் நேரத்திலேயே கூட நிற்க வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உனக்கு உண்டு, வசதி இல்லை என்றால் அரசு தரும் என்று கைதானவரிடம் முதல் நாளே சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை. தவறினால் அவர் மீதே துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் எழுதியது. எழுதியது மும்பைத் தாக்குதல் வழக்கில், அஜ்மல் கசாபின் மேல்முறையீட்டில்.