குடியுரிமை அரசு இடும் பிச்சையன்று

குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறித்து உலக அரங்கில் கேள்வி எழும்போதெல்லாம், அஃது உள்நாட்டு விவகாரம் என்பதே ஒன்றிய அரசின் விடை. இவ்விடையில் பாதி உண்மை உண்டு. பாதி உண்மையோ முழுப் பொய்யினும் ஆபத்தானது.

சர்வதேசச் சட்டம் எவருக்கும் நேரடியாகக் குடியுரிமை வழங்குவதில்லை. பிறந்த மண், பெற்றோர் வழி, நெடுநாள் வாழ்ந்தபின் விண்ணப்பித்துப் பெறுதல் ஆகியவற்றுள் எதனை, எவ்வளவு ஏற்பது என்பதை அந்தந்த நாட்டின் சட்டமே வகுக்கிறது. 1930ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையினது முதற்பிரிவு கூறுவதும் இதுவே. ஆனால், சர்வதேச உடன்படிக்கைகளுக்கும் வழக்காறுகளுக்கும் இசைந்திருக்கும் அளவிலேயே அச்சட்டத்தைப் பிற நாடுகள் ஏற்கும் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. முதல் வரியைப் படித்தவர்கள் இரண்டாம் வரியை ஏன் படிக்கவில்லை?

ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தேசிய இனக் குடியுரிமை உண்டு என்றும், அதனை எதேச்சாதிகாரமாகப் பறிக்கலாகாது என்றும் 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் 15ஆம் பிரிவில் அறிவித்தது. 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, குடியுரிமை பெறுவது குழந்தையின் உரிமை என்கிறது. எந்நாட்டுக்கும் உரியதாகாமல் போகும் குழந்தையைக் குறிப்பாகக் காக்கச் சொல்கிறது. வாசற்கதவின் சாவி அரசின் கையில் இருக்கலாம். எல்லா வாசல்களுக்கும் வெளியே ஒரு குழந்தையை நிறுத்தி வைக்கும் உரிமை எவ்வரசுக்கும் இல்லை.

நம் சட்டம் நடந்துவந்த பாதை எது? தூதர்களின் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, இம்மண்ணில் பிறந்த அனைவரையும் 1955ஆம் ஆண்டுச் சட்டம் குடிமக்களாக ஏற்றது. 1987 ஜூலை 1 முதல், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாக இருத்தல் வேண்டும் என்றானது. வாஜ்பாய் ஆட்சியின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் அதனையும் சுருக்கியது. பெற்றோருள் ஒருவர் 'சட்டவிரோதக் குடியேறி' எனப்பட்டால், மற்றவர் இந்தியக் குடிமகளாகவே இருப்பினும், 2004 டிசம்பர் 3 முதல் பிறக்கும் குழந்தை பிறப்பால் குடிமகன் ஆகாது. மண்ணிலிருந்து இரத்தத்திற்கு வந்த சட்டம், 2019இல் மதத்திற்கு வந்து சேர்ந்தது. மூன்று அண்டை நாடுகளைச் சேர்ந்த ஆறு சமயத்தவர்க்குக் கதவு திறந்தது, முஸ்லிம்களுக்கு மூடியது. பல்லாண்டுகளாக முகாம்களில் வாடும் ஈழத் தமிழ் அகதிகளும் அதற்குள் வரவில்லை.

இதன் விலையைக் கொடுப்போர் யார்? அசாமில் ஏறத்தாழ 3.30 கோடிப் பேர் விண்ணப்பித்த குடிமக்கள் பதிவேட்டின் 2019 ஆகஸ்ட் இறுதிப் பட்டியலில் 19,06,657 பேர் விடுபட்டனர். வங்கிக் கணக்கும் நிலப்பட்டாவும் உடையோர்க்குத் தாள்கள் எளிதில் கிடைக்கும். பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் வீட்டை அடித்துச் செல்லும் மணல்திட்டு உழவனும், பள்ளி காணாமல் மணமுடித்துச் சென்ற பெண்ணும், ஊர் ஊராய்ச் செல்லும் செங்கல்சூளைத் தொழிலாளியும் தாளுக்கு எங்கே போவர்? சான்றில்லா வறுமையையே குற்றமாக்கும் இந்த ஏற்பாடு வர்க்கத் தன்மை கொண்டது. நாடற்றவனுக்குச் சங்கமில்லை, வாக்கில்லை, கூலி கேட்கும் துணிவுமில்லை. அத்தகைய உழைப்பாளியே சுரண்டலுக்கு மலிவானவன்.

சர்வதேசச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்க அரசு முயலவேண்டும் என்பது அரசமைப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு. அதன்படி, நாடற்ற நிலையைக் குறைப்பதற்கான 1961ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இந்தியா இணையவேண்டும். இங்குப் பிறக்கும் எக்குழந்தையும் நாடற்றதாகாது எனச் சட்டம் உறுதி கூறவேண்டும். மத அளவுகோல் நீக்கப்படவேண்டும். குடியுரிமை அரசு இடும் பிச்சையன்று. இம்மண்ணில் உழைத்து வாழும் மக்களின் உரிமை. அவ்வுரிமையை ஊர்தோறும் எடுத்துரைப்பது தோழர்களின் உடனடிக் கடமை.