ஒன்பது என்பது வசவா?

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த ஒரு மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த செவன்ஸ் கால்பந்து ஆட்டத்தைப் பார்க்கும்படி நமக்கு நேர்ந்தது. ஊரையும் அணியையும் பெயர் சொல்லி ஒரு சிலரை மட்டும் குற்றவாளியாக்குவது நமது நோக்கமல்ல. ஏனெனில் அங்கு நடந்தது குரோம்பேட்டையிலும் நடக்கக்கூடியது, பல்லாவரத்திலும் நடக்கக்கூடியது, கூடுவாஞ்சேரியிலும் நடக்கக்கூடியதேயாகும்.

ஒரு அணியில் முன்னணியில் நின்று ஆடிய வாலிபருக்குப் பத்தொன்பது வயதுக்குமேல் இராது. முதுகில் 9 என்ற எண். அன்று மைதானத்தில் இருந்தவர்களிலெல்லாம் நல்ல ஆட்டக்காரர் அவர்தான் என்பதை எதிரணியாரே ஒப்புக்கொள்ளுவார்கள். ஆனால் அவருடைய குரல் மெல்லியது; நடையில் சற்று நளினம் உண்டு. இந்தக் ‘குற்றத்திற்காக’, பந்து அவர் காலுக்கு வந்தபோதெல்லாம் கோட்டுக்கு வெளியே நின்ற இருநூறு பேர் கை தட்டி, தாளம் போட்டு, “ஒன்பது! ஒன்பது!” என்று கூவினார்கள். அது சட்டையிலிருந்த எண்ணைக் குறித்ததல்ல என்பது கூவினவர்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர் சிரித்தார். நடுவர் காது கேளாதவர்போல் இருந்தார். இடைவேளைக்குப் பின் அந்த வாலிபர் ஆட வரவில்லை. சட்டையைக் கழற்றி மடித்துக் கோல் கம்பத்தடியில் வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்கடுத்த வாரங்களிலும் அவர் வரவில்லை என்றும், அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள மற்றவர்களில் ஒருவரும் சம்மதிக்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டோம்.

தோழர்களே! ஒரு எண்ணைப் பார்த்து வாலிபர்கள் அஞ்சுகின்ற நிலைமையை என்னென்று சொல்லுவது? எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருப்பது ஒன்பது. அதற்கு ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மானமும் இல்லை, அவமானமும் இல்லை. கால்பந்து ஆட்டத்திலோ அந்த எண்ணுக்குப் பெருமையே உண்டு. 1939-இல் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் சட்டைக்கு எண் போடுவது கட்டாயமாக்கப்பட்டபோது, நடுவில் நின்று கோல் அடிக்கும் முன்னணி ஆட்டக்காரருக்கு வந்த எண் 9. 2002 உலகக் கோப்பையில் எட்டுக் கோல் அடித்துப் பிரேசிலுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த ரொனால்டோவின் முதுகில் இருந்ததும் அந்த 9 தான்.

இன்னும் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். இதே ஊரில்தான் கூட்டினால் ஒன்பது வரவேண்டும் என்று எண் ஜோசியம் கேட்டு, வண்டி நம்பருக்காகப் பணத்தைக் கொட்டுகிறார்கள். இதே ஜனங்கள்தான் சனிக்கிழமைதோறும் ஒன்பது கிரகங்களை ஒன்பது தடவை சுற்றுகிறார்கள். சுற்றும்போது புண்ணியமாயிருக்கின்ற ஒன்பது, மைதானத்திற்கு வந்தவுடன் எப்படி வசவாகிவிட்டது? எண்ணிலே குற்றமில்லை. குற்றம், சொல்லுகிறவனுடைய நாக்கிலும், அதற்குப் பின்னால் இருக்கும் புத்தியிலும்தான் இருக்கின்றது.

அந்தப் புத்தி இன்னதென்பதைச் சற்றுத் தெளிவாய்ப் பார்ப்போம். இந்த ஒரு சொல்லால் மூன்று வகையார் இழிவு செய்யப்படுகிறார்கள். முதலாவது, திருநங்கைகள். இரண்டாவது, தன் பாலாரிடத்தில் அன்பு கொள்ளும் இயல்புடைய ஆண்களும் பெண்களும். மூன்றாவது, பெண் மக்கள் அனைவரும். ஏனெனில், “நீ ஆணல்ல” என்பதை ஒருவரை வைவதற்கு உபயோகிக்க வேண்டுமானால், ஆணல்லாமல் இருப்பது கேவலம் என்று முன்னமேயே முடிவு செய்திருக்கவேண்டும். பந்தைத் தவறவிட்டவரைப் ‘பொட்டை’ என்று கூவுகிறவர்களை நாம் ஒன்று கேட்கின்றோம். தமிழ்நாட்டுப் பெண்கள் கால்பந்து அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது உங்களுக்குத் தெரியுமா? மதுரையின் சேது எப்.சி. பெண்கள் அணி 2019-இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது தெரியுமா? 2019 பெண்கள் உலகக் கோப்பையில் சிறந்த ஆட்டக்காரர் என்ற தங்கப் பந்தையும், கோல் அடித்ததற்கான தங்கக் காலணியையும் சேர்த்து வாங்கிய அமெரிக்காவின் மேகன் ரப்பினோ, தாம் பெண்களையே விரும்புகிறவர் என்று பல வருஷங்களுக்கு முன்பே பகிரங்கமாய்ச் சொன்னவர் என்பதாவது தெரியுமா? கோட்டுக்கு வெளியே நின்று கூவின இருநூறு பேரில் ஒருவருக்காவது அவரிடமிருந்து பந்தைப் பறிக்கும் யோக்கியதை உண்டா?

நிற்க, இதற்குச் சொல்லப்படும் சமாதானங்களை ஒவ்வொன்றாய் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது சமாதானம், “இது வெறும் வேடிக்கை” என்பது. வேடிக்கை என்றால் இரண்டு பக்கத்தாரும் சிரிக்கவேண்டும். இருநூறு பேர் சிரித்து ஒருவர் வீட்டுக்குப் போய்விடுவதற்குப் பெயர் வேடிக்கையல்ல.

இரண்டாவது சமாதானம், “கால்பந்து ஆட்டம் என்றால் உலகமெங்கும் இப்படித்தான்” என்பது. உலகமெங்கும் இப்படி இருந்தது மெய்தான். அதனால் விளைந்தது என்ன என்பதையும் கேளுங்கள். இங்கிலாந்தில் ஜஸ்டின் பஷானு என்ற ஆட்டக்காரர் 1990-இல் தாம் தன்பாலீர்ப்புடையவர் என்று வெளியே சொன்னார். கூட்டத்தாரின் ஏச்சும் பத்திரிகைகளின் ஏச்சும் அவரைத் தொடர்ந்தன. 1998-இல் தமது 37-ஆம் வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்குப் பிறகு பிரிட்டனில் ஆடிக்கொண்டிருக்கும்போதே அதே உண்மையைச் சொல்ல ஒரு ஆண் தொழில்முறை ஆட்டக்காரர் முன்வந்தது 2022-இல்தான். அவர் 17 வயது ஜேக் டேனியல்ஸ். நடுவில் 32 வருஷம்! இத்தனை வருஷமும் அப்படிப்பட்டவர்கள் ஒருவரும் ஆடவில்லையா? ஆடினார்கள், வாயை மூடிக்கொண்டு ஆடினார்கள். வாயை மூடவைத்தது கூட்டத்தின் கூச்சல்.

ஆனால் உலகம் இப்போது அந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை. எதிரணிக் கோல்காப்பாளர் பந்தை உதைக்கும்போதெல்லாம் தன்பாலீர்ப்பாளரை இழிக்கும் ஒரு சொல்லை மெக்சிகோ ரசிகர்கள் கூவி வந்தார்கள். “இது எங்கள் நாட்டு வழக்கம், இதற்கு அந்த அர்த்தமில்லை” என்று அவர்களும் சமாதானம் சொன்னார்கள். உலகக் கால்பந்துச் சம்மேளனமாகிய பிபா திரும்பத் திரும்ப அபராதம் விதித்தது. 2021-இல் சொந்த நாட்டு மைதானத்திலேயே பார்வையாளரில்லாமல் அவர்கள் ஆடவேண்டி வந்தது. 2023 ஜூனில் அமெரிக்காவுடன் லாஸ் வேகாஸில் நடந்த ஆட்டத்தில் நடுவர் கூச்சலுக்காக ஆட்டத்தை நிறுத்தி, முடிவில் நேரம் தீருமுன்பே முடித்துவிட்டார். இங்கிலாந்திலும், செல்சி அணியின்மேல் நெடுங்காலமாய்ப் பாடப்பட்டு வந்த இதேபோன்ற ஒரு ஏச்சு, வெறுப்புக் குற்றமாக வழக்குத் தொடரத்தக்கது என்று 2022 ஜனவரியில் அரசு வழக்குத் துறை அறிவித்தது. ஆகவே “உலகமெங்கும் இப்படித்தான்” என்பவர்கள் உலகத்தின் பழைய அழுக்கை மாத்திரம் எடுத்துக்கொண்டு, புதிய அறிவை விட்டுவிடுகிறார்கள்.

மூன்றாவது சமாதானம், “அந்தமாதிரி ஜனங்கள் நம் நாட்டில் கிடையாது, இதெல்லாம் மேல்நாட்டு வியாதி, நம் கலாசாரத்திற்கு விரோதம்” என்பது. இதைவிடப் பித்தலாட்டம் வேறில்லை. ஆணும் ஆணும் அன்பு கொள்வதைக் குற்றமென்று எழுதி வைத்த 377-வது பிரிவு, 1860-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தில் இருந்தது. மேல்நாட்டிலிருந்து இங்கு வந்தது தண்டனைதானே தவிர, அந்த மனிதர்களல்ல. கலாசாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்களையே கேட்கின்றோம். திருச்செங்கோட்டு மலைமேல் பாதி ஆணும் பாதி பெண்ணுமாய் நிற்பதாகச் சொல்லும் சிலைக்கு மாலை போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறீர்களே, அது எந்தக் கலாசாரம்? அரியும் அரனும் கூடிப் பிள்ளை பெற்றதாகப் புராணம் சொல்ல, அந்தப் பிள்ளைக்கு மாலை போட்டு மலையேறுகிறீர்களே, அது எந்தக் கலாசாரம்? சித்திரை மாதத்தில் கூவாகத்தில் திருநங்கைகளுக்குத் தாலி கட்டித் திருவிழா நடத்திவிட்டு, மற்ற நாட்களில் அவர்களுடைய பெயரையே வசவாக்குவது எந்த நியாயம்? கல்லுக்கு மரியாதை, மனிதனுக்கு ஏச்சு என்பதுதானே இந்தக் கலாசாரத்தின் சாரம்!

நான்காவது, “நாங்கள் எதிரணியைக் கலக்கத்தான் சொல்லுகிறோமே தவிர, ஒருவரையும் குறித்துச் சொல்லவில்லை” என்கிறார்கள். 2023 அக்டோபரில் அகமதாபாத்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், அவுட்டாகித் திரும்பிய பாகிஸ்தான் ஆட்டக்காரரைப் பார்த்துக் கூட்டத்தார் மதகோஷம் போட்டபோது, நம் ஊரில் எத்தனை பேர் வெகுண்டார்கள்! வெகுண்டது சரியே. 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் 12 ரன்னில் இந்தியாவை வென்ற பாகிஸ்தான் அணிக்கு எழுந்து நின்று கைதட்டிய ஊரல்லவா இது? ஆனால் மதத்தைச் சொல்லிக் கூவினால் அநாகரிகம், பிறவி இயல்பைச் சொல்லிக் கூவினால் விளையாட்டு என்று இரண்டு தராசு வைத்துக்கொள்ளுவது யோக்கியமான காரியமாகாது. அந்த இருநூறு பேரில் தம் இயல்பை வீட்டில் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு பையன் இருந்திருக்கமாட்டானா? பக்கத்தில் நிற்கும் அண்ணனும் மாமனும் கூவுவதைப் பார்த்து, தானும் சேர்ந்து கூவிவிட்டு, இரவெல்லாம் தூக்கமில்லாமல் கிடந்திருக்கமாட்டானா? எதிரணிக்கு என்று எறிந்த கல் தன் வீட்டுப் பிள்ளையின் தலையில் விழுவது இப்படித்தான்.

நம் நாட்டுச் சங்கதியும் சொல்லவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகளான சாந்தி சௌந்தரராஜன், 2006-இல் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பால் சோதனை என்பதாக ஒன்றைச் செய்து அந்தப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். ஓடியது அவருடைய கால். ஜெயித்தது அவருடைய உழைப்பு. ஆனால் ஜனங்கள் பேசினது அவருடைய உடம்பைப் பற்றி. அதற்குப் பிறகு சட்டம் எவ்வளவோ தூரம் வந்துவிட்டது. திருநர்களுடைய உரிமையை 2014-லும், தன்பாலீர்ப்பு குற்றமல்ல என்பதை 2018 செப்டம்பரிலும் சுப்ரீம் கோர்ட் ஒப்புக்கொண்டது. 2021-இல் சென்னை ஹைகோர்ட், இவர்களை ‘மாற்றுவதாக’ச் சொல்லும் போலி வைத்தியத்தைத் தடுத்தது. 2022-இல் தமிழ்நாடு அரசு, இவர்களைத் தொந்தரவு செய்யலாகாது என்று போலீசாரின் நடத்தை விதியில் சேர்த்ததோடு, மரியாதையாய் அழைப்பதற்கான தமிழ்ச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டது. மணிப்பூரில் 2020-லேயே திருநர்கள் தங்களுக்கென்று கால்பந்து அணி கட்டி ஆடினார்கள். கோர்ட்டும் சர்க்காரும் போலீசும் மரியாதையாய்ப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. மைதானத்து ஓரத்தில் நிற்கும் நமது வாலிபர்களுக்கு மாத்திரம் விதிவிலக்கு ஏன்?

1929-இல் இந்தச் செங்கற்பட்டில் கூடின மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் தொங்கும் ஜாதிப் பட்டத்தை அறுத்தெறியச் சொன்னார்கள். ஒரு சொல் மனிதனை உயர்த்தவோ தாழ்த்தவோ கூடாது என்பதே அதன் கருத்து. பட்டத்தை விட்டவர்களுடைய பேரப்பிள்ளைகள் வசவை விடமுடியாதா?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். ஆட்டம் நடத்துகிறவர்கள், முதல் விசிலுக்கு முன்பே மைக்கில் இதைச் சொல்லிவிடவேண்டும். கூச்சல் எழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தவேண்டும். மறுபடி எழுந்தால் ஆட்டக்காரர்களை வெளியே அழைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் முறை ஆட்டத்தையே முடித்துவிடவேண்டும். பிபாவின் விதியே இதுதான். இதற்குக் காசு பணம் தேவையில்லை, ஒரு விசில் போதும். கோப்பையும் பரிசும் கொடுக்கும் கடைக்காரர்களும் பிரமுகர்களும், இந்த நிபந்தனையில்லாமல் கொடுக்கமாட்டோம் என்று சொல்லவேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, எதிரணித் தலைவர் நடுவரிடம் போய், “இந்தக் கூச்சல் நிற்கும்வரை நாங்கள் ஆடமாட்டோம்” என்று சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தை இருநூறு வாயை அடைக்கும்.

கடைசியாக நம்மைப் பற்றியும் ஒன்று. அன்று நாமும் அந்தக் கோட்டோரத்தில்தான் நின்றோம். நாம் கூவவில்லை, ஆனால் கூவாதே என்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கட்டுரை எழுதுவது சுலபம். பக்கத்தில் நிற்பவனைப் பார்த்து “வாயை மூடு” என்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்திற்குப் பயந்து நாம் மௌனமாயிருந்த அரைமணி நேரத்தில், ஒரு நல்ல ஆட்டக்காரரை இந்த ஊர் இழந்தது. கூவினவர்கள் இருநூறு பேர் என்றால், குற்றவாளிகள் இருநூற்றொருவர்.

அந்த ஒன்பதாம் எண் சட்டை இன்னும் ஏதோ ஒரு பையில் மடித்தபடியே கிடக்கின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை யாராவது போட்டுக்கொண்டு மைதானத்திற்குள் இறங்கும்போது, கோட்டோரத்தில் நிற்கும் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்? யோசித்து முடிவு செய்யுங்கள்.