ஆகாய யாத்திரையும் இளைப்பு நோயும்

ஐயம்பேட்டையில் ஆயுள் முழுதும் தறியில் அமர்ந்து நெய்த முதியோர், கடல்கடந்து உத்தியோகம் பார்க்கும் தம் மக்களைக் காண இன்று ஆகாயவிமானம் ஏறுதல் புதுமையன்று. அன்னாருள் நெடுநாள் இளைப்பு நோயால் வருந்துவோரும் உளர். "நோயைச் சொன்னால் ஏற்றமாட்டார்கள்" என்றஞ்சி அதனை மறைத்துச் செல்லுதல் பெரும்பிழை என்பதே எமது கருத்து.

விமானத்தினுள் காற்று அழுத்தி நிரப்பப்பட்டிருத்தலின் அச்சமில்லை என்பர் சிலர். அது பாதி உண்மையே. அவ்வழுத்தம் தரைமட்டத்திற்குரியதன்று, 6000 முதல் 8000 அடி உயரமுள்ள மலைக்காற்றுக்கு ஒப்பானது. உதகமண்டலத்தின் உயரம் ஏறக்குறைய 7350 அடி. மீனம்பாக்கத்தில் ஏறிய முதியவர், சிறிது பொழுதில் உதகையின் காற்றைச் சுவாசிக்கின்றார். தரையில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு பெற்றவர்க்கு, 8000 அடியில் 15 பங்கே பெற்றாற்போலாகும். நல்ல தேகமுடையார் இதனை அறியார். நுரையீரல் தளர்ந்தார்க்கோ இது பெருங்குறை.

இக்குறை முன்னறிவித்து வருவதுமன்று. 1875-ஆம் ஆண்டு பிரான்சு தேசத்தில் 'ஸெனித்' என்னும் பலூனில் மிக உயரச் சென்ற மூவருள் இருவர் மாண்டனர். பிராணவாயுப் பைகள் அருகிலிருந்தும், எடுத்து உட்கொள்ளக் கைகளில் வலியில்லாது போயிற்று. விமானத்தில் அத்துணை அபாயம் இல்லையெனினும், மூச்சுத் திணறிய பின் பரிகாரம் தேடலாம் என்றிருத்தல் தகாது என்பதை இதனால் அறியலாம். ஆபத்துக் காலத்தில் மேலிருந்து விழும் முகமூடியும் சில நிமிஷங்களுக்கே பயன்படும், நோயாளிக்கென அமைந்ததன்று.

ஆதலின், பிரயாணத்திற்குப் பல வாரங்கள் முன்னரே வைத்தியரைக் கண்டு, பறத்தல் தகுமா, பிராணவாயு வேண்டுமா எனத் தெளிதல் வேண்டும். விமானக் கம்பெனியாருக்கும் முன்கூட்டியே அறிவித்து, அவர் கேட்கும் வைத்தியப் படிவத்தை நிறைவு செய்தளித்தல் வேண்டும். சொந்தப் பிராணவாயு உருளையைப் பெரும்பாலும் அனுமதியார். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தளிக்கும் சிறு கருவியை அனுமதி பெற்றுக் கொண்டு செல்லலாம். அதன் பாட்டரிகள் தாமதத்தையும் எண்ணிப் போதியனவாக இருத்தல் நன்று. இன்ஹேலரும் மருந்துச்சீட்டும் கைப்பையிலேயே இருக்கவேண்டும்.

மாணவ நண்பர்களே, வீட்டு முதியோர்க்கு விமானச் சீட்டு வாங்குவோர் பெரும்பாலும் நாமே. சீட்டின் விலையை நாலிடத்தில் விசாரிக்கும் நாம், அவர்தம் மூச்சின் நிலையை ஒருமுறையேனும் விசாரித்தோமா? கேட்பது நம் கடன். மறையாது உரைப்பது அவர்க்கு இழிவன்று.